கோகிலாமணி கியர் ஆயில் மாற்றிய மூன்று ஞாயிறுகள்

வடவள்ளிப் பக்கம் பொன்னி நகர் இரண்டாவது வீதியில் ஒரு கார் மூன்று ஞாயிற்றுக்கிழமை வானத்தில் நின்றது என்று வெளியாள் யாராவது பேச்செடுத்தால், எங்கள் வீதிக்காரர்கள் உடனே திருத்துவோம்: வானத்தில் இல்லை, ஆறடி உயரத்தில். ஆறடி மூன்று அங்குலம் என்பார் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தண்டபாணி. அவர் மின்வாரியத்தில் கம்பி அளந்து ஓய்வுபெற்றவர், டேப் பிடித்து அளந்தவரும் அவர்தான். காரின் நிறம் வெளிர்ப்பச்சை, வயது இருபத்திரண்டு, நின்ற இடம் கோகிலாமணி வீட்டு வாசலில் கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே. இதில் எதையாவது மாற்றிச் சொல்கிறவன் பார்க்காதவன், அவன் பேச்சை நம்ப வேண்டாம்.

கோகிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. இரண்டாவது வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது, முழங்காலுக்கு மேலிருந்து பாதம் வரை இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள், கையில் ஒரு தடி. ஒரு ஸ்பின்னிங் மில்லில் நூல் சோதிக்கிற லேபில் முப்பது வருஷமாக வேலை: கோனிலிருந்து நூலை எடுத்துச் சிட்டமாகச் சுற்றி, எடை பார்த்து, மெஷினில் மாட்டி அறுந்துபோகிற வரைக்கும் இழுத்து, இது இவ்வளவு தாங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வேலை. முப்பது வருஷம் இந்த வேலையைச் செய்ததால் அவளுக்கு ஒரு குணம் வந்துவிட்டது, இழுத்துப் பார்க்காமல் எதையும் இவ்வளவுதான் தாங்கும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது.

அவளைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோனவர் அண்ணன் சண்முகவடிவேல், பாலிடெக்னிக்குக்குக் கொண்டுபோனவரும் அவர், மில் வேலைக்கு முதல் எட்டு வருஷம் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தவரும் அவர். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் தங்கைக்கு லீவு, அண்ணனுக்குக் கல்யாண வீடு என்றால் தங்கையும் கல்யாண வீடு, அண்ணன் ஒரு நாள் வர மறந்துவிட்டால் மில் கேட்டில் வாட்ச்மேன் கொடுத்த ஸ்டூலில் இருட்டுகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அப்படி இருக்கையில், இடது காலுக்கு வேலையே இல்லாத கார் ஒன்று உலகத்தில் உண்டு, அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும் என்று அவள் எங்கேயோ கேள்விப்பட்டாள். முப்பதாவது வயதில் தன் சம்பளத்தில் அதை வாங்கினாள். கல்யாணம் ஆகாத பெண், பேப்பரெல்லாம் அண்ணன் பேரில் இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னார்கள், அவளும் தலையாட்டிவிட்டாள். சாவி கைக்கு வந்த சந்தோஷத்தில் பேப்பர் பெரிதாகப் படவில்லை, அந்த ஒரு தப்பை அவளே பிற்பாடு எத்தனையோ தடவை எங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

இருபத்திரண்டு வருஷம் ஓடிய அந்தக் கார் போன தை மாதத்திலிருந்து மேட்டில் வழுக்க ஆரம்பித்தது. இன்ஜின் கத்தும், வண்டி நகராது. கியரை முன்னால் ஓட்டுகிற டி-யில் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற வரை யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். மூன்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். மூன்று பேரும் அளவுக்கம்பியை உருவி மோந்து பார்த்துவிட்டு, கியர் ஆயில் கருகிவிட்டது என்றார்கள், மாற்றித் தர முடியாது என்றும் சொன்னார்கள்.

"இத்தன வருசமா மாத்தாத ஆயிலுங்க்கா. இனி மாத்துனா கியர் பெட்டி அன்னிக்கே போயிருமுங்க. தொடாம விட்டா ஓடற வரைக்கும் ஓடும்."

"மாத்தி எத்தன பெட்டி போயிருக்குது? எழுதி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் கோகிலாமணி.

மூன்றாவது மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே சண்முகவடிவேல் வந்தார். அறுபத்து நாலு வயது, நெற்றி நிறையத் திருநீறு, தங்கைக்கு என்று வாங்கிய நேந்திரம் சிப்ஸ் கையில்.

"பழசு பழசுதான் அம்மிணி. நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா நீ எறங்கித் தள்ளுவியா? காயலாங்கடைக் குப்புராஜ்கிட்டப் பேசிட்டேன், மூணாவது ஞாயித்துக்கெழம லாரியோட வந்து எடுத்துட்டுப் போயிருவான். நானு இருக்கறனில்ல? தெனம் காத்தால நானே கொண்டுபோயி விட்டுடறேன்."

அவர் அன்போடுதான் சொன்னார், அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவனிடம் கதவைச் சாத்திவிடலாம், சிப்ஸ் வாங்கிக்கொண்டு வருகிற அண்ணனிடம் எந்தக் கதவைச் சாத்துவது? மறுபடி ஸ்கூட்டரின் பின்சீட், மறுபடி மில் கேட்டு ஸ்டூல், மறுபடி அண்ணன் வந்தால் போக்கு, அண்ணன் வந்தால் வரவு. கோகிலாமணி சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமல் மேஜையில் வைத்தாள்.

"இன்னும் மூணு ஞாயிறு இருக்குதுங்ளாண்ணா?"

"இருக்குது."

"போதுமுங்ண்ணா."

மூன்று ஞாயிறு ஏன் போதும் என்பதை அவள் மாடியில் குடியிருக்கிற கணக்கு டீச்சர் நசீமாவிடம் மட்டும் சொன்னாள். இந்தப் பெட்டியில் ஆயிலைத் திறந்துவிட்டால் பாதிக்கும் குறைவாகத்தான் இறங்கும், மிச்சம் உள்ளே சுழல்கிற உருளைக்குள் தங்கிவிடும். ஆகவே இறங்கிய அளவுக்குப் புதுசு ஊற்றி, ஒரு வாரம் ஓட்டிக் கலக்கவிட்டு, மறுபடி இறக்கி, மறுபடி ஊற்றி, மூன்றாவது முறையும் செய்தால் உள்ளே இருப்பதில் பெரும்பங்கு புதுசாகிவிடும். காரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்ததை அவள் நாலு தடவை படித்திருந்தாள். நசீமா ஒரு காகிதத்தில் பின்னம் போட்டுப் பார்த்துவிட்டு, "கணக்கு சரியாத்தான்க்கா வருது, ஆனா கார்க்கு அடியில யாரு படுக்கறது?" என்று கேட்டாள்.

"நாந்தான்."

முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு, வீதியில் பாதிப் பேர் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், கோகிலாமணி பழைய நைட்டி ஒன்றைப் போட்டுக்கொண்டு காரைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கி அணைத்தாள். முன்சக்கரங்களைக் கனமான இரண்டு பலகைமேல் ஏற்றியிருந்தாள், பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்திருந்தாள். பானெட்டைத் திறந்து, ஊற்றுகிற வழி திறக்கிறதா என்று முதலில் பார்த்தாள். அதைப் பார்க்காமல் இறங்குகிற வழியைத் திறக்கிறவன் முட்டாள் என்பது அவள் கட்சி. பிறகு கோணிச்சாக்கை விரித்து, காலிப்பரின் பூட்டை விடுவித்து, சுவரைப் பிடித்து உட்கார்ந்து, படுத்து, முழங்கையால் ஊன்றி ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காருக்கு அடியில் போனாள். டிரெய்ன் போல்ட் இருபத்திரண்டு வருஷமாகத் திறக்காத போல்ட், அசையவில்லை. ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி, லேபில் நூலை இழுக்கிற பொறுமையோடு இழுத்தாள், இழுத்தாள், அது "டொக்" என்று விட்டுக்கொடுத்தது. சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கடுங்காப்பி நிறத்தில், தீய்ந்த வாசனையோடு, டப்பில் விழுந்தது.

ஒழுகுவது மெலிந்து சொட்டுச் சொட்டாக ஆன பிறகுதான் எழுந்திருப்பது எப்படி என்று அவள் யோசித்தாள். தரையில் படுத்துவிட்டால் யாராவது கை கொடுத்துத் தூக்கினால்தான் உண்டு, ஐம்பது வருஷமாக அப்படித்தான். மாடியிலிருந்து நசீமா, "இருங்க்கா, வர்றேன், அசையாதீங்க!" என்று கத்தினாள். அசையாதே என்று யாராவது சொன்னால் கோகிலாமணிக்குக் கோபம் வரும், அதனால் அவள் சக்கரத்துக்கு உட்பக்கம் இருந்த ஒரு தண்டை இரண்டு கையாலும் பற்றினாள். பற்றியதும் கார் எழுந்தது. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை. சாக்கு மேலிருந்து அவள் தலை எழுந்தது, முதுகு எழுந்தது, இடுப்பு எழுந்தது, வலது கால் தரையில் ஊன்றியது, கார் இன்னும் கொஞ்சம் எழுந்து அவள் நிமிர்ந்து நிற்கிற உயரம் வந்ததும் நின்றுகொண்டது. கோகிலாமணி குனிந்து காலிப்பரை நேராக்கிப் பூட்டினாள், தடியை எடுத்துக்கொண்டாள், தலையைத் தூக்கித் தன் காரின் அடிவயிற்றை முதன்முதலாகப் பார்த்தாள்.

"இப்பச் சரி," என்றாள்.

நசீமா கடைசிப் படியில் நின்றுவிட்டாள். "அக்கா, கார் மேல நிக்குது."

"ஆமா நசீமா. அந்தத் துணிய எடு, போல்ட்டுல காந்தம் இருக்குது, அதுல அரைஞ்ச இரும்பு மாவு ஒட்டியிருக்குது பாரு, தொடைக்கோணும்."

ஆயில் நன்றாக வடியட்டும் என்று அவள் நாலு மணி நேரம் விட்டாள், அதனால் வீதி முழுக்கப் பார்த்தது. கறி வாங்கி வந்தவர்கள் பையோடு நின்றார்கள். துணி தேய்க்கிற மருதாசலம் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, காருக்கு அடியில் கையை வீசிப் பார்த்தார், குனிந்து போய் நிமிர்ந்து வந்தார், கயிறு இல்லை கம்பி இல்லை என்று எல்லோருக்கும் அறிவித்தார். தண்டபாணி டேப் எடுத்து வந்து அளந்து குறித்துக்கொண்டார். யாரோ ஒரு அம்மா பக்திப் பரவசத்தில் பம்பருக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார், கோகிலாமணி, "அம்மா, ஆயில் வேல நடக்கற எடத்துல பொடி விழக்கூடாதுங்க" என்று மண்ணெண்ணெய்த் துணியால் அதைத் துடைத்தாள். தெய்வமே குறுக்கே வந்தாலும் பெட்டிக்குள் தூசி போகக்கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

போல்ட்டை மறுபடி மாட்டி இறுக்கிவிட்டு, இறங்கிய ஆயிலை லேப் குடுவையில் அளந்தாள்: மூன்று லிட்டர், இருநூறு மில்லி. ஊற்றுகிற வழி பானெட்டுக்குள், பானெட் இப்போது மாடி பால்கனிக்குக் கொஞ்சம் கீழே. ஆகவே நசீமா பால்கனியிலிருந்து சாய்ந்து ஒரு நீள டியூபை அந்த வழியில் சொருகி, புனல் வைத்து, கீழேயிருந்து கோகிலாமணி அளந்து கூடையில் ஏற்றிவிட்ட புது ஆயிலைச் சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். மூன்று லிட்டர் இருநூறு மில்லியின் கடைசிச் சொட்டு உள்ளே போனதும் கார் இறங்கியது, பூனை மடியில் உட்காருகிற மாதிரி ஒவ்வொரு சக்கரமாக ஊன்றி உட்கார்ந்தது. பழைய ஆயிலில் ஒரு சிட்டம் வெள்ளை நூலை நனைத்துத் துணிக்கயிற்றில் காயப்போட்டாள் கோகிலாமணி. நூல் கன்னங்கரேல் என்றிருந்தது.

திங்கட்கிழமை சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. வாகனத்தை வீட்டு எல்லைக்குள் நிறுத்த வேண்டும் என்று விதி இருந்தது, தரையில் நிறுத்த வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. அது விதி எழுதியவர்களின் குறை என்றாலும் குறை கோகிலாமணியிடம்தான் கேட்கப்பட்டது: அனுமதியின்றி வாகனத்தை உயர்த்தியதற்கு ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். அவள் அந்தக் கடிதத்தின் பின்புறத்திலேயே பதில் எழுதிக் கொடுத்தனுப்பினாள்: "ஏழாவது நாள் மறுபடி உயரும். பத்து மணிக்கு வந்து நேரில் பார்த்துக்கொள்ளவும்."

இரண்டாவது ஞாயிறு ஒன்பதே முக்காலுக்கே வீதி கூடிவிட்டது, ஆனால் வேடிக்கைக்கு இல்லை. மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், அதிலும் பங்குனி வெயிலில் நிழல் தருகிற எதற்கும் ஒரே வாரத்தில் பழகிவிடுவார்கள். கார் எழுந்ததும் மருதாசலம் தள்ளுவண்டியை அதன் கீழே உருட்டிக்கொண்டு போய்க் கரிப்பெட்டியை ஊதத் தொடங்கினார். நாலைந்து பெண்கள் முருங்கைக்கீரையும் முறமுமாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த வீட்டில் இடம் போதவில்லை என்று, பெரியவர்கள் நாலு பேருக்கு நாற்காலி அங்கே போடப்பட்டது, சம்பந்தம் அங்கேயே பேசி முடிந்தது. சங்கத்தின் இரண்டாவது கூட்டத்துக்கு வேறு இடத்தில் வெயில் தாங்காது என்பதால் அதுவும் அங்கேயே நடந்தது. காரை உயர்த்துவதைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் போட்டார்கள், காரின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, கோகிலாமணி கொடுத்தனுப்பிய மோரைக் குடித்துக்கொண்டு. ஏன் எழுகிறது என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணி வரை நிற்கும் என்றுதான் கேட்டார்கள்.

அன்று நனைத்த நூல் பழுப்பாக, டீ நிறத்தில் வந்தது. வீதிக்காரர்கள் இரண்டு சிட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பரீட்சை ரிசல்ட் மாதிரி பேசிக்கொண்டார்கள்.

சண்முகவடிவேலுக்குச் சேதி போய்விட்டது. போனில் கூப்பிட்டார்.

"வீதியே சிரிக்குது அம்மிணி."

"சிரிக்கலீங்ண்ணா. நெழல்ல உக்காந்திருக்குது."

"ஞாயித்துக்கெழம குப்புராஜ் வர்றான். அதுல மாத்தமில்ல."

அந்தப் புதன்கிழமை நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். மில்லிலிருந்து திரும்புகிற வழியில், பாலத்து மேட்டில், கார் நின்றது. டி-யில் போட்டாள், ஒன்று இரண்டு மூன்று எண்ணினாள், பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். இன்ஜின் கத்தியது, பின்னால் பஸ் கத்தியது, பைக்கில் போனவன் ஒருவன், "யக்கா, ஓட்டத் தெரியாட்டி ஊட்டுல இருக்க வேண்டியதுதான!" என்று கத்திக்கொண்டு போனான். முப்பது எண்ணியதும் ஒரு உதறலோடு கியர் விழுந்தது. வீட்டுக்கு வந்து நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அவள் அழுதாள். மெக்கானிக் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்? தொடாமல் விட்டிருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்குமோ, தானே தன் காலை ஒடித்துக்கொண்டோமோ என்ற பயம் அவளைப் பிடித்து ஆட்டியது. நசீமா கதவைத் திறந்து பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்திருந்த காகிதத்தைக் காட்டினாள்.

"இன்னும் மூணுல ஒரு பங்கு பழசு உள்ள இருக்குதுக்கா. கணக்கு முடியலீங்க."

கோகிலாமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முடியற வரைக்கும் இழுப்போம்," என்றாள்.

மூன்றாவது ஞாயிறு அவள் பத்து மணிக்குக் காத்திருக்கவில்லை. எட்டுக்கே படுத்து, போல்ட்டைத் திறந்து, தண்டைப் பிடித்து, காரோடு எழுந்து நின்றாள், வடிந்ததும் போல்ட்டை மாட்டி அளந்து வைத்தாள். அன்றைய நூல் செம்பருத்திச் சிவப்புக்குக் கொஞ்சம்தான் குறைவு. வீதிக்காரர்கள் கை தட்டினார்கள், தண்டபாணி தட்டலாமா என்று யோசித்துவிட்டுத் தட்டினார். அப்போதுதான் குப்புராஜின் லாரி கிரேன் கொக்கியை ஆட்டிக்கொண்டு முனையில் திரும்பியது, முன்சீட்டில் சண்முகவடிவேல், சட்டைப்பையில் அவர் பேரில் உள்ள ஆர்.சி. புத்தகம்.

குப்புராஜ் இறங்கிக் காரை அண்ணாந்து பார்த்தார். "ஏனுங் சாமி, கீழ நிக்கற வண்டீன்னுதானுங்க சொன்னீங்க?"

"எறக்கி எடுத்துட்டுப் போப்பா."

"பழைய இரும்புன்னா எடை இருக்கோணுமுங்க. எடையே இல்லாத வண்டிய நானு எப்புடி எடுக்கறது?"

சொன்னாலும் தொழில்காரர், முயற்சி செய்து பார்த்தார். கொக்கியை ஓங்கினார், கொக்கி ஒரு முழம் உயர்ந்தால் கார் ஒன்றேகால் முழம் உயர்ந்தது. சங்கிலியை வீசினார், சங்கிலி வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் முறத்தை எடுத்துக்கொண்டு, "நல்லாருக்குதே கூத்து, நெழலு நகருதே" என்று சலித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். குப்புராஜ் லாரியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார். சண்முகவடிவேலுக்குத் தாங்கவில்லை. ஐம்பது வருஷம் சுமந்தவர், அவர் கண்ணில் தங்கை இன்னும் சைக்கிள் கேரியரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற குழந்தைதான். அந்தக் குழந்தையை ஒரு துருப்பிடித்த டப்பா ஏமாற்றுகிறது என்றுதான் அவருக்குப் பட்டது. வேட்டியை மடித்துக் கட்டி, நசீமா வீட்டு மாடிப்படியில் நாலு படி ஏறி, எட்டிப் பின்பம்பரை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார்.

கார் மேலே போனது. கூடவே அவரும் போனார். படியிலிருந்து கால் விலகியது, ஒரு செருப்பு விழுந்தது, பிறகு இன்னொரு செருப்பு விழுந்தது. கீழே மருதாசலத்தின் கரிப்பெட்டி புகைந்துகொண்டிருந்தது. சண்முகவடிவேல் இரண்டு காலையும் நீட்டினார், மடக்கினார், துழாவினார், எதுவும் அகப்படவில்லை.

"அம்மிணி," என்றார். "அம்மிணி, காலு தரையில எட்டமாட்டேங்குது."

கோகிலாமணி தடியை ஊன்றிக்கொண்டு அவருக்கு நேர் கீழே வந்து நின்றாள்.

"தெரியுமுங்ண்ணா," என்றாள். "எனக்கு அம்பது வருசமாத் தெரியும்."

அவர் கீழே பார்த்தார். தங்கையின் முகத்தை அவர் எப்போதும் மேலேயிருந்தோ பின்னால் திரும்பியோதான் பார்த்திருக்கிறார், அன்றும் மேலேயிருந்துதான் பார்த்தார், ஆனால் அன்று யாரை யார் பிடிக்க வேண்டும் என்பது மாறியிருந்தது.

"நீங்க வந்து என்னயக் கூட்டிட்டுப் போவீங்கன்னு பாத்துட்டு நானு எத்தன நாளு அந்த மில்லு கேட்டுல உக்காந்திருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதுங்ண்ணா. நீங்க நல்லவருதான். நீங்க நல்லவரா இருந்ததுக்காக நானு உக்காந்தே இருக்க முடியாது. இந்தக் காரு எனக்குக் காலு. போச்சுன்னா போறது, நானு ஓட்டித்தான் போகோணும், நீங்க எடுத்துக் குடுத்துப் போகக்கூடாது."

"கை வலிக்குது அம்மிணி."

"கைய விட்டுறாதீங்க. அது பதனமா எறக்கிவிடும், எனக்குத் தெரியும். நசீமா, ஊத்து!"

நசீமா பால்கனிக் கம்பியில் ஏறி நின்று ஊற்றினாள். அவசரம் என்று அளவைக் கூட்டவில்லை, பயம் என்று குறைக்கவில்லை, இறங்கியது எவ்வளவோ அவ்வளவு. கார் இறங்கியது. சண்முகவடிவேலின் கட்டைவிரல் தரையைத் தொட்டது, பாதம் தொட்டது, குதிகால் தொட்டது. அவர் நின்ற பிறகுதான் காரின் சக்கரம் தரையில் உட்கார்ந்தது. கோகிலாமணி அவருடைய செருப்பு இரண்டையும் தடியால் தள்ளி அவர் காலடியில் சேர்த்தாள்.

பிறகு மிச்ச வேலையைச் செய்தாள், ஏனென்றால் வேலை முடியவில்லை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியரை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் மூன்று எண்ணி, திரும்ப, நிறுத்துகிற பி-க்கு வந்து, அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். சிவப்பு இரண்டு கோட்டுக்கும் நடுவே நின்றது. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ஏறுங்க."

"நானெதுக்கு?"

"எவ்வளவு தாங்கும்னு இழுத்துப் பாத்துட்டு அப்பறஞ் சொல்லுங்க."

மருதமலைக்குப் போனார்கள். அவளுக்கு ஐந்து வயதில் மொட்டை போடுவதற்கு அந்த மலைப்படி முழுக்க அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர் சண்முகவடிவேல். அந்தக் கதையை அவர் எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார். இன்று படி வழியில்லை, ரோடு வழி. முதல் வளைவில் அவர் இல்லாத பிரேக்கை மிதித்தார். இரண்டாவது வளைவில், "மெதுவா, மெதுவா" என்றார். மூன்றாவது மேட்டில், இத்தனை நாள் கார் வழுக்கிய மாதிரியான செங்குத்து மேட்டில், கோகிலாமணி பாதியில் வேண்டுமென்றே நிறுத்தினாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் அவசரப்படவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டரில் வைத்தாள். ஒன்று எண்ணுவதற்குள் கார் பிடித்துக்கொண்டது, வழுக்கவில்லை, உதறவில்லை, கத்தவில்லை, அண்ணனையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு மேலே போனது. கோகிலாமணி வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணாடி இறக்கியிருந்ததால் கீழே நடந்து ஏறிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மேலே வண்டி நிறுத்துகிற இடத்தில் சண்முகவடிவேல் இறங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை எடுத்து இரண்டு நிமிஷம் கையில் வைத்திருந்தார். பிறகு டேஷ்போர்டைத் திறந்து உள்ளே வைத்து மூடினார்.

"பேரு மாத்தறதுக்கு நாளைக்கு ஆபீசுக்குப் போகோணும்," என்றார் வெளியே பார்த்துக்கொண்டு. "எத்தன மணிக்கு வர்றே, என்னக் கூட்டிட்டுப் போறதுக்கு?"

"பத்து மணிக்குங்ண்ணா. ரெடியா இருங்க, காக்க வைக்காதீங்க."

அவர்கள் திரும்பி வந்தபோது வீதி இன்னும் கலையவில்லை. நிழல் போன இடத்தில் வெயில் சுளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, மருதாசலம் தள்ளுவண்டியோடு அங்கேயே நின்றிருந்தார், தண்டபாணி நோட்டோடு நின்றிருந்தார்.

"ஏனுங்க்கா, அடுத்து எப்பவுங்க மேல போகும்?" என்று கேட்டார் மருதாசலம்.

"இன்னும் நாப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடோணும்," என்றாள் கோகிலாமணி.

தண்டபாணி குறித்துக்கொண்டார். சண்முகவடிவேல் விரல்விட்டு எண்ணினார். "அதுக்குள்ள எனக்கு எழுவது தாண்டியிருக்குமே அம்மிணி," என்றவர், கதவில் கை வைத்துக்கொண்டு வீதியை இரண்டு பக்கமும் பார்த்தார். லாரியில் வந்தவர், லாரி போய்விட்டது.

"எறங்காதீங்க," என்றாள் தங்கை, கியரை டி-யில் போட்டுக்கொண்டே. "நானே கொண்டுபோயி விட்டுடறேன்."